பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்கள், அம்மாவுக்கு வீசிங்: எந்த வழி தேறும்?

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர். கோத்தகிரியில் இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு. திருப்பூரிலிருந்து அக்கா குடும்பம், சென்னையிலிருந்து தம்பியும் அவன் மனைவியும், மேட்டுப்பாளையத்திலிருந்து சித்தியும் சித்தப்பாவும். வந்த மறுநாளே அக்காவின் சின்னவன் இரும ஆரம்பித்தான். மலை ஏறும்போது வளைவில் வாந்தி எடுத்தான், அதனால் தொண்டை கமறுகிறது என்றார் மாமா. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் சித்தி. நானும் தலையாட்டினேன். அவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போன நாலாம் நாள் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே கொண்டுபோய், ஒன்பது நாள் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு 74 வயது. நாற்பது வருஷம் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்ததில் நுரையீரல் பாதி போய்விட்டது, சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகிற நோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு நாலு நாள் மூக்கொழுகலாகப் போகிற வைரஸ் அவருக்கு நிமோனியாவாக முடியலாம். இந்த வருஷம் கூடவே தம்பியின் ஐந்து மாதக் குழந்தையும் வருகிறது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆர்எஸ்வி என்கிற வைரஸ் பெரியவர்களுக்குச் சளி, கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல். ஆக வீட்டின் இரண்டு முனையிலும் ஆபத்து. பொங்கலுக்கு அஞ்சு வாரம் இருக்கும்போதே உட்கார்ந்து, எதைச் செய்யலாம், எது வீண் செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் உதவும்.

முதல் வழி எல்லாருக்கும் தோன்றுவதுதான்: யாரும் வர வேண்டாம், சித்திரைக்குப் பார்க்கலாம். நோயை மட்டும் கணக்கில் எடுத்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. ஏப்ரலில் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம், ஜனவரியில் முடியாது. ஆனால் அம்மாவிடம் பேச்சை எடுத்ததும், "அடுத்த பொங்கலுக்கு நான் இருக்கேனோ இல்லையோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், அல்லது இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார் என்றால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். எங்களுக்கு அந்த நிலை இல்லை, அதனால் இதை விட்டுவிட்டேன்.

அடுத்தது, சளி இருமல் உள்ளவர்கள் வரக்கூடாது என்ற சட்டம். காசில்லாத வழி, கட்டாயம் வைக்க வேண்டியது, ஆனால் இதை மட்டும் நம்பினால் கவிழ்ந்துவிடுவோம். ஃப்ளூ வந்தவர் தொண்டை வலி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுகிறார், அந்த நாளில் அவருக்கே தெரியாது. இன்னொன்று, நம் ஆட்களுக்குச் சளி என்பது நோயே இல்லை. டஸ்ட் அலர்ஜி, ஏசி ஒத்துக்கல, தலைக்குக் குளிச்சது, இப்படி ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கும். அதனால் குடும்ப வாட்ஸப் குழுவில் "உடம்பு சரியில்லாதவர்கள் வர வேண்டாம்" என்று போடவில்லை. "தொண்டை கரகரப்பு, மூக்கொழுகல், இருமல், உடம்பு வலி, காரணம் எதுவாக இருந்தாலும், கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன். கோபிக்க மாட்டேன், பொங்கலை நானே ஒருநாள் கொண்டு வந்து தருகிறேன்" என்று போட்டேன். காரணம் எதுவாக இருந்தாலும் என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

டெஸ்ட் கிட். 2021 மே மாதத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் கொரோனா ஆன்டிஜன் சோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) அனுமதி கொடுத்தபோது பெட்டி பெட்டியாக வாங்கினோம், ஞாபகம் இருக்கும். இப்போது வாங்கினால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதில் தெரிவது கொரோனா மட்டும்தான், ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் தெரியாது. இரண்டு கோடு வந்தால் நம்பலாம். ஒரு கோடு வந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. அறிகுறி இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நெகட்டிவ் வந்துவிட்டது என்ற தைரியத்தில் இருமிக்கொண்டே கட்டிப்பிடிக்கிற மனிதர்களை நினைத்தால், எங்கள் வீட்டுக்கு இது நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்யும்.

ஊசி விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஃப்ளூ ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அதனால் டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் போட்டால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும், போகி அன்று போட்டால் பிரயோசனம் இல்லை. அந்த வருஷத்து வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், டாக்டரிடம் போகிற அளவு ஃப்ளூ வருகிற வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். பாதிதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவனுக்குப் பாதி என்பது பெரிய தள்ளுபடி. வருஷா வருஷம் போட வேண்டும். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சம் அக்டோபர், நவம்பர் மழையோடு வருகிறது என்று பல வருஷக் கண்காணிப்பில் பார்த்திருக்கிறார்கள், ஆகவே அடுத்த வருஷம் மழைக்கு முன்பே போட்டுவிடுவதாக உத்தேசம். அம்மாவுக்கு நிமோகாக்கல் ஊசியும் டாக்டர் சொல்லிப் போட்டாயிற்று. அது வைரஸுக்கு இல்லை, வைரஸ் வந்து போன நெஞ்சில் குடியேறுகிற பாக்டீரியாவுக்கு. ஃப்ளூ ஊசியை அம்மாவுக்கு மட்டும் போட்டால் போதாது, குழந்தையைத் தூக்கப்போகிற எல்லாரும் போட வேண்டும் என்று சொன்னதற்கு, தம்பி உடனே சரி என்றான், மாமா இன்னும் "பார்க்கலாம்" என்கிறார்.

இடையில் ஒரு ஊர்ப் பெருமை. 1957ல் ஆசியக் காய்ச்சல் என்று சொன்ன பெரிய ஃப்ளூ சென்னைத் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்தபோது, இந்தியாவின் இன்ஃபுளுவென்சா மையம் இருந்தது குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில்தான். 1907ல் வெறிநாய்க்கடிக்காக ஆரம்பித்த இடம். சிம்ஸ் பார்க் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகிறோம், ஃப்ளூவுக்கும் நம் மலைக்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாஸ்க். சாப்பிட வந்த இடத்தில் மாஸ்க் எத்தனை நிமிஷம் முகத்தில் இருக்கும்? ஆகவே விருந்துக்கு இதை நம்பவில்லை, பயணத்துக்கு நம்புகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற பஸ்ஸில் குளிர் என்று எல்லாச் சன்னலையும் இழுத்து மூடிவிடுவார்கள், ஒன்றரை மணி நேரம் அறுபது பேர் விட்ட மூச்சையே திருப்பி இழுத்துக்கொண்டு வருவோம். அங்கே என்95 போடுங்கள். துணி மாஸ்க், நீல நிற சர்ஜிகல் மாஸ்க் எல்லாம் கன்னத்தின் ஓரத்தில் திறந்தே கிடக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல என்95கள் காதில் மாட்டுகிறவை. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிறது கிடைத்தால் அதுதான் முகத்தோடு ஒட்டி உட்காரும். அம்மாவுக்கு மாஸ்க் போட்டுவிடலாமே என்றாள் அக்கா. ஏற்கனவே மூச்சுக்குத் தவிக்கிறவருக்கு அதை மாட்டிவிட்டு நாம் சுதந்திரமாக இருமுவது என்ன நியாயம்? சளி இருப்பவர் போட வேண்டும், அவ்வளவுதான்.

கை கழுவுவது பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. ஜனவரியில் எங்கள் ஊர்க் குழாயில் கையை நீட்டிப் பாருங்கள், எலும்பு வரை ஜில்லென்று ஏறும். சோப்பு பச்சைத் தண்ணீரிலும் வேலை செய்யும், ஆனால் அந்தத் தண்ணீரில் இருபது நொடி நிற்க யாருக்கும் மனசு வராது, விரல் நுனியை நனைத்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வார்கள். போன வருஷம் நான் பார்த்தது அதுதான். இந்த வருஷம் வாசல் திண்ணையில் மூடி போட்ட ஒரு டிரம்மில் வெந்நீர், பக்கத்தில் சோப்பு. குழந்தையைத் தூக்க வேண்டுமா, முதலில் அங்கே போங்கள். முத்தம் காலில் கொடுங்கள், முகத்தில் வேண்டாம்.

நீலகிரித் தைலத்தைச் சொல்லாவிட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ரெண்டு பாட்டில் வாங்கிப் போகிறார்கள், அம்மா தலையணைக்கு அடியிலும் ஒன்று உண்டு. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டு முகர்வதால் அடுத்தவருடைய வைரஸ் நம்மை விட்டுப் போய்விடாது, மிளகு ரசமும் கஷாயமும் அப்படியே. குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. யாரும் வாயில் விட்டுக்கொள்ளவும் கூடாது, அதனால் வலிப்பு வந்தவர்கள் உண்டு. ஆவி பிடிக்கிறேன் என்று குழந்தைகள் ஓடுகிற ஹாலில் கொதிக்கிற குண்டானைத் தரையில் வைப்பதும் வேண்டாம்.

சரி, காற்றுக்கு வருவோம். இத்தனை நேரம் சொன்னவை எல்லாம் ஓரங்கட்டுகிற வேலை, நடுவில் இருப்பது இதுதான். சமையலறையில் வரமிளகாய் தாளித்தால் ஹாலில் பேப்பர் படிக்கிறவர் இருமுகிறார் இல்லையா, அந்த நெடி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் மூச்சில் வரும் நுண்துளிகளும் போகும், அந்த நெடி போக எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அவையும் நிற்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் அறைக்குள் பயிற்சி எடுத்தது. 61 பேரில் ஒருவருக்கு லேசான அறிகுறி, கடைசியில் 53 பேர் கொரோனாவில் விழுந்தார்கள். கைக்குத் தடவும் சானிடைசர் எல்லாம் அங்கேயும் இருந்தது.

போன வருஷம் நாங்கள் எங்கே கோட்டை விட்டோம் என்று யோசித்தால், எல்லாரும் விருந்தைத்தான் சொன்னார்கள். நான் நினைப்பது வேறு. சாப்பாடு முக்கால் மணி நேரம், அதுவும் கதவு திறந்து கிடந்தது. தூக்கம் எட்டு மணி நேரம். ஹாலில் ஒன்பது பேர் வரிசையாகப் பாய் விரித்து, கம்பளியை இழுத்துப் போர்த்தி, அந்தக் காலத்து மரச்சன்னல் இடுக்கில் குளிர் வராமல் பழைய பேப்பரைத் திணித்து, கதவுக்கு அடியில் சாக்கை உருட்டி வைத்து, மூலையில் ரூம் ஹீட்டர். அம்மா நடுவில், ஒரு பக்கம் இருமுகிற பேரன். அது எத்தனை சந்தோஷமான ராத்திரி என்று எனக்குத் தெரியும், கதை சொல்லிச் சொல்லி ஒரு மணி வரை யாரும் தூங்கவில்லை. ஆனால் ஹீட்டர் சூடாக்கியது அழுக்குக் காற்றைத்தான், ஒரு சொட்டுக்கூட அது வெளியே தள்ளவில்லை.

தம்பி ஒரு கரியமில வாயு மீட்டர் வைத்திருக்கிறான், அலுவலகத்தில் கொடுத்தது. அதை அன்று விளையாட்டாக அலமாரி மேல் வைத்திருந்தான், விடியற்காலை மூன்று மணிக்கு 2,900 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,900 பங்கு) காட்டியது. வெளிக்காற்றில் 420 பக்கம் இருக்க வேண்டியது. மற்றவர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு இது ஒரு அடையாளம், 800க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். மலையில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: இங்கே காற்றழுத்தம் குறைவு, ஆகவே உயரத்தை உள்ளே பதியாத மீட்டர் எங்கள் ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும், ஊட்டி, கொடைக்கானலில் இன்னும் குறைவாக. அப்படியானால் உண்மையில் 3,500க்கு மேல்.

இதற்கு மூன்று மாற்று. ஒன்று சன்னலைத் திறப்பது. கீழே சமவெளியில் இருந்தால் இதோடு கட்டுரை முடிந்தது. இங்கே ஜனவரி ராத்திரியில் வெளியே எட்டு டிகிரி, பள்ளத்தில் புல் மேல் உறைபனி. சிஓபிடி இருப்பவருக்குக் குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பிவிடும். எதிரெதிர்ச் சன்னல் இரண்டை இரண்டு விரல் அளவு திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டால் ஓரளவுக்குக் காற்று நகரும், கம்பளி ஒன்று கூடுதலாக வேண்டும். ஆனால் கேஸ் கீஸர் எரியும்போது எக்ஸாஸ்ட் ஓட விடாதீர்கள், அதன் புகை வீட்டுக்குள்ளே திரும்பலாம். குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், அப்படித் தூங்கி எழுந்திரிக்காதவர்கள் செய்தி இந்த மலைகளில் புதிது இல்லை.

இரண்டு, ஹெப்பா ஃபில்டர், அதாவது நுண்துகளைப் பிடிக்கிற வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபயர். இதை நிறையப் பேர் தப்பாக வாங்குகிறார்கள். பெட்டியில் சிஏடிஆர் என்று ஒரு எண் இருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2023ல் சொன்ன அளவு, அறையின் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது சுத்தமாக வேண்டும். அம்மா அறை 12க்கு 12 அடி, உயரம் 9 அடி, 37 கன மீட்டர் வருகிறது, ஐந்தால் பெருக்கினால் 185. எங்கள் ஹால் 12க்கு 20, அதற்கு 300க்கு மேல் வேண்டும். அந்த எண் இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்தால்தான். ராத்திரி சத்தம் என்று ஸ்லீப் மோடில் போட்டால் அதில் ஒரு பங்குதான் வரும். ஆகவே 185 தேவை என்றால் 350 உள்ளதை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட விடுவது புத்திசாலித்தனம். கரண்டு போனால் அது வெறும் பெட்டி, எங்கள் ஊரில் காற்று பலமாக அடித்தாலே கரண்டு போகும். ஹாலுக்கு வாங்கினால் செலவு இரட்டிப்பு. அம்மா அறைக்கு மட்டும் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது பொங்கலுக்கு அப்புறமும் ஓடும்.

மூன்று, தூங்குகிற இடத்தைப் பிரிப்பது. இதுதான் என் தேர்வு. லீவு நாளில் லாட்ஜ் விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனால் தெருவில் ரெண்டு வீடு பூட்டித்தான் கிடக்கிறது, அவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். ஒருவரிடம் பேசிச் சாவி வாங்கியாயிற்று. அக்கா குடும்பமும் சித்தி சித்தப்பாவும் ராத்திரிக்கு அங்கே. தம்பியும் மனைவியும் குழந்தையும் எங்கள் வீட்டில் ஒரு அறை, அம்மா பியூரிஃபயரோடு தனி அறை, நாங்கள் மூவர் ஹாலில். சுத்தம் செய்யவும் நாலு கம்பளி வாடகைக்கு எடுக்கவும் ஆன செலவு பியூரிஃபயர் விலையில் கால்வாசி இல்லை.

பகலுக்கு வாசல். எங்கள் வீட்டுக்கு எதிர் மேட்டைத் தாண்டிச் சூரியன் வருவதே எட்டரைக்கு, ஆகவே பொங்கலும் எட்டரைக்குத்தான் பொங்கும். பனியில் ஆறு மணிக்கு நின்று நடுங்குவானேன், சூரியனுக்குத்தானே படைக்கிறோம். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நல்ல வெயில், ஸ்வெட்டர்கூட வேண்டாம். சாப்பாடு, சீட்டு, அரட்டை எல்லாம் அங்கே பெஞ்ச் போட்டு. மழை பெய்தால்? சாமியானாவை மேலே மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறேன். நாலு பக்கமும் துணி கட்டிவிட்டால் அது இன்னொரு ஹால்.

எல்லாம் மீறி அம்மாவுக்கு ஏதாவது வந்தால் என்ன என்பதையும் யோசித்து வைத்தேன். ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்துக் கலவரப்பட வேண்டாம், கீழே 98 காட்டுகிறவருக்கு மலையில் 95 காட்டுவது சாதாரணம்; நல்லா இருக்கும்போது இங்கே எவ்வளவு என்று இப்போதே ஒரு வாரம் குறித்து வைத்தால்தான் இறங்கும்போது தெரியும். அம்மாவுக்கு 92, 93. ஃப்ளூவுக்கான மாத்திரையை அறிகுறி ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், ஆகவே ரெண்டு நாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடம் இல்லை, காய்ச்சல் தெரிந்த அன்றே டாக்டருக்குப் போன். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் சித்திக்கு உண்டு, அது வைரஸை ஒன்றும் செய்யாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஏற்பாடு எல்லாவற்றையும் அம்மா பொறுமையாகக் கேட்டார். ஊசி சரி, வெந்நீர் சரி, எட்டரை மணிப் பொங்கலும் சரி. தனி அறையில் படுப்பதற்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது, பேரன் பக்கத்தில் படுக்காமல் என்ன பொங்கல் என்றார். ரெண்டு நாள் பேரம் நடந்தது. கடைசியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வெயில் போகிறவரை இருவரும் அதில் படுத்துக் கதை பேசலாம் என்று முடிவாயிற்று. கட்டிலுக்குக் கயிறு தளர்ந்து கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கட்ட வேண்டும்.